சின்னம்மாவை லொறியில் ஏற்றிய ஏப்ரல்

1

மூன்று கிழமைக்கு முன்னர், ஒரு செவ்வாய்க்கிழமை, ஒக்லாந்தின் பாபடோயிட்டோயில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் தென் தீவிலிருந்து ஒரு பொதி வந்தது. அனுப்பியவர் கொலினின் மகன். கொலின், நான் ஆறு வருடம் வேலை செய்த மாட்டுப் பண்ணையின் சொந்தக்காரர். குளிர்காலத் தொடக்கத்தில் இறந்துபோனார். செய்தி அப்போதே கிடைத்தது. வேலையில் லீவு எடுக்க முடியாமல் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. பொதியின் மேல் என் பெயருக்கு முன்னால் 'டொக்டர்' என்று எழுதியிருந்தது. இந்த நாட்டில் என்னை எழுத்தில் அப்படிக் குறித்தவர் கொலின் ஒருவர்தான். மகனும் தகப்பனைப் பார்த்து அப்படியே எழுதியிருக்க வேண்டும்.

பொதியைப் பிரித்தது என் மகள் மயூரி. நான் வேலையால் வந்தபோது குசினி மேசையில் ஆறு சின்னக் கொப்பிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தாள். சட்டைப்பைக்குள் அடங்குகிற மஞ்சள் மட்டைக் கொப்பிகள், வருடத்துக்கு ஒன்று. எந்த மாடு எந்த நாள் கன்று போட்டது, கன்று ஆணா பெண்ணா, தானாகப் போட்டதா நாங்கள் இழுத்து எடுத்ததா, எந்த நாம்பனின், அதாவது காளையின், வழி, எல்லாம் பெரும்பாலும் என் கையெழுத்தில், ஆங்கிலத்தில். ஒன்றில் மட்டும் ஒரு பக்கத்தின் அடியில் இரண்டு வரி தமிழ்.

மயூரிக்கு இருபத்தொரு வயது. தமிழ் விளங்கும், வாசிக்கத் தெரியாது. கதைப்பது ஆங்கிலம். இதில் அவள் ஆங்கிலத்தில் சொன்னவற்றை நான் எழுத்துத் தமிழில் தருகிறேன். அவள் தமிழில் கதைத்த இடங்கள் சிலதான். அவற்றை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக் கேட்டாள்: "நாற்பத்தொன்று. இது சின்னம்மாவின் இலக்கம். கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள்?"

நான் கைப்பையைக் கதிரையில் வைத்தேன். "ஒண்டுமில்லை மயூ. பழைய குறிப்பு."

"தமிழில் ஏன்?"

"அவசரத்தில எழுதியிருப்பன்."

அவள் கொப்பியை மூடினாள். நான் அரிசி கழுவப் போனேன். மெல்பேணில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இன்னும் பதினொரு நாளில் போகிறாள், ஒருவழிப் பயணச்சீட்டு. என் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாமல் போயிற்றே என்று எத்தனையோ பேரிடம் சொல்லி வருந்தியிருக்கிறேன். அன்றைக்கு வருந்தவில்லை. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

2

ஊரில் நான் அரசாங்க மிருக வைத்தியர். வன்னியில் எட்டு வருடம். அங்கே அப்போது ஸ்கான் இயந்திரம் கிடையாது. மாடு சினையா இல்லையா என்று கையால்தான் பார்ப்போம். தோள்வரைக்கும் உறை போட்டு, பின்புறத்தால் கையை விட்டு, குடற்சுவருக்கு அப்பால் கிடக்கிற கருப்பையைத் தடவி, அதன் கனத்தையும் இழுவையையும் வைத்து மாதம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அதை மறுத்துக் கேட்பவர் இல்லை. ஒருமுறை ஒரு மனிதர் பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதித்து வந்து, சட்டி நிறையக் கடும்பை என் மேசையில் வைத்தார். கன்று போட்ட பசுவின் முதற்பாலில் காய்ச்சியது. "நீங்கள் சொன்ன கிழமையிலயே போட்டிட்டுது டொக்டர்" என்றார். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. என் கையைப் பற்றி எனக்கிருந்த பெருமை அந்த மாதிரி நாட்களில் வளர்ந்தது.

சண்டை கிட்ட வந்தபோது அங்கிருந்த அரசாங்கப் பண்ணையின் மாடுகளை அவிழ்த்துவிட்டு நாங்களும் ஓடினோம். அவை எங்களுக்குப் பின்னாலேயே கொஞ்சத் தூரம் வந்தன. அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி இதில் எழுத மாட்டேன்.

என் கணவர் நேசனுக்கு வேலை வீசா கிடைத்து ஒக்லாந்துக்கு வந்தபோது மயூரிக்கு ஐந்து வயது. அவருக்கு விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை. நான் மிருக வைத்தியராகப் பதிவதற்கு விண்ணப்பித்தேன். முன்பு வேலை செய்த அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட கடிதம் நேரடியாக வர வேண்டும் என்றார்கள். அந்த அலுவலகத்துக்குக் கூரையே இல்லை, கோப்பு எங்கே இருக்கப்போகிறது? கொழும்புக்கு எழுதி, ஆவணங்கள் அழிந்துவிட்டன என்று ஒரு கடிதம் எடுத்தேன். அது வரப் பதினெட்டு மாதம். அதைக் கொடுத்தபோது, நீங்கள் வேலை செய்தீர்கள் என்று இந்தக் கடிதம் சொல்லவில்லையே என்றார்கள். வேறு வழியில் அதையும் எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் என் ஆங்கிலப் பரீட்சைப் புள்ளிகள் காலாவதியாகிவிட்டன. மறுபடி எழுதியபோது எழுத்துப் பகுதியில் அரைப் புள்ளி குறைந்தது. இப்படி ஐந்து வருடம். அந்த ஐந்து வருடமும் மங்கரேயில் ஒரு குளிரறையில் நின்று சலாட் இலைகளைப் பையில் அடைத்தேன்.

அப்போதுதான் அந்த விளம்பரம். தென் தீவில், மலைநாட்டுப் பண்ணையில், இறைச்சி மாட்டுக் கூட்டத்தைப் பார்க்க ஆள் வேண்டும், கன்று ஈனும் காலத்தில் அனுபவம் முக்கியம். தொலைபேசியில் கொலின் என் சான்றிதழ் ஒன்றையும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கன்று ஒரு காலை மடித்துக்கொண்டு வந்தால் என்ன செய்வாய்?"

"தலையைப் பின்னால் தள்ளி இடம் எடுப்பேன். குளம்பைக் கையால் பொத்திக்கொண்டு காலை நீட்டுவேன். பொத்தாவிட்டால் கருப்பை கிழிந்துவிடும்."

 பிறகு, "எப்போது வருகிறாய்?" என்றார்.

நேசன் வேலையை விட முடியாது. எங்கள் மூவரின் வீசாவும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "ஒரு வருசம் போய்ப் பாரும். சரிவராட்டி வாரும்" என்றார் அவர். மயூரிக்குப் பத்து வயது. ஐந்து கிழமை தெற்கே, ஒரு கிழமை ஒக்லாந்தில் என்று ஒப்பந்தம். ஒரு வருடம் ஆறு வருடமானது.

3

அங்கே பண்ணையை ஸ்டேஷன் என்பார்கள். நான் ஸ்டேஷனில் வேலை என்றதும் யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் மச்சாள் பொலிஸ் என்று நினைத்துப் பயந்துவிட்டாள். என் பெயர் கௌரி. கொலினின் வாயில் அது 'கோரி' ஆனது. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரத்தம் தோய்ந்தது என்று பொருள். கன்று எடுத்துவிட்டு முழங்கைவரை இரத்தத்தோடு நான் நிற்கும்போது அயல் பண்ணைக்காரர்கள் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மாடுகள் காலோவே இனம். உருவம் சிறிது, கொம்பில்லை, உடல் கறுப்பு, இடுப்பைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பட்டை. மயிர் இரண்டு அடுக்கு. மேலே நீள மயிர் மழையை வடியவிடும், உள்ளே பஞ்சுபோல ஒன்று சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும், அவ்வளவுக்கு உடற்சூடு வெளியே வராது. மாட்டுக் கொட்டில் என்று ஒன்று அங்கே இல்லை. ஜூலையில் தண்ணீர்த் தொட்டி கல்லாக உறைந்திருக்கும். காலையில் கோடரியால் உடைப்பது என் முதல் வேலை. பிறகு லொறியின் பின்னால் நின்று வைக்கோற் கட்டுகளை அவிழ்த்துத் தள்ளுவோம். மாடுகள் மூச்சுப் புகை விட்டுக்கொண்டு வரிசையாக வரும். விலாவில் கையை வைத்து எலும்பு எவ்வளவு தட்டுப்படுகிறது என்று பார்த்து, மெலிந்தவற்றைப் பிரித்து விடுவேன்.

அந்தக் குளிரில் நிற்கக்கூடிய கூட்டத்தை எதை வைத்து உண்டாக்குவது? கொலினுக்கு அதில் ஒரே விதி. பசு தானாகக் கன்று போட வேண்டும், கன்றைத் தானாக எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும், அடுத்த வருடமும் சினைப்பட வேண்டும். ஒரு வருடம் தவறினால் போக வேண்டும். நல்லது, வடிவானது, பிள்ளை மாதிரி என்பதெல்லாம் கணக்கில் இல்லை. அப்படி ஒவ்வொரு வருடமும் கழித்துக் கழித்துத்தான் அந்தக் கூட்டம் உருவானது. எந்த நாகுக்கு, அதாவது இன்னும் கன்று போடாத பெண் மாட்டுக்கு, எந்த நாம்பன், எந்தப் பசு லொறியில் ஏறுகிறது, இரண்டையும் முடிவு செய்வது என் வேலை. லொறி போகும் இடம் இறைச்சித் தொழிற்சாலை.

ஒக்லாந்தில் கோயிலுக்குப் போனால் சனம் கேட்கும்: "மிஸிஸ் எங்க வேலை?" நேசன் முந்திக்கொண்டு, "தெற்கில, பால் பண்ணையில" என்பார். நான் திருநீற்றைப் பூசிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

4

பள்ளிக்கூட விடுமுறைகளில் மயூரி விமானத்தில் வருவாள். பதினொரு வயதில் அவள் வந்தது ஒக்டோபர் விடுமுறைக்கு. கன்று போடும் காலத்தின் கடைசிப் பகுதி. வந்த இரண்டாம் நாள் காலை, வசந்தம் என்றும் பாராமல் பனி கொட்டியது. நாற்பத்தொன்றாம் இலக்கப் பசு ஓடைக்கரையில் கன்று போட்டிருந்தது. நாங்கள் போகும்போது கன்று விறைத்துச் செத்துக் கிடந்தது. பசு அதை நக்கிக்கொண்டே நின்றது. மலையின் மற்றப் பக்கத்தில் வேறொரு பசு, கன்று போட்டபின் எழும்ப முடியாமல் செத்துப்போனது. அதன் கன்றுக்கு உயிர் இருந்தது.

இப்படி நடந்தால் பண்ணைகளில் செய்கிற ஒரு வேலை உண்டு. செத்த கன்றின் தோலை உரித்து, கால் விடும் ஓட்டைகளோடு ஒரு சட்டை மாதிரி அநாதைக் கன்றுக்குப் போடுவது. தாய் மணத்தைப் பிடித்துத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டால் கன்று பிழைக்கும். நான் உரித்தேன். மயூரி குளிரில் நடுங்கிக்கொண்டு அந்த உயிர்க் கன்றின் முன்னங்கால்களைப் பிடித்திருந்தாள். போகச் சொன்னேன். போகவில்லை.

"அம்மா, அது தன்ர பிள்ளை இல்லை எண்டு கண்டுபிடிக்காதா?"

"கண்டுபிடிச்சா உதைக்கும்."

நாற்பத்தொன்று மோந்து பார்த்தது. கன்று தட்டுத்தடுமாறி மடிக்குக் கீழே போனது. பசு ஒரு காலைத் தூக்கியது. பிறகு மெதுவாகக் கீழே வைத்தது. கன்று பால் குடிக்கத் தொடங்கியதும் மயூரி சத்தமில்லாமல் அழுதாள். மூன்றாம் நாள் தோலை நான் அவிழ்த்து எடுத்தேன். பசுவுக்கு அந்நேரம் விளங்கியிருக்கும். ஆனாலும் கன்றைத் தள்ளவில்லை.

மற்றவளின் பிள்ளையை வளர்க்கிறவள் என்று மயூரி அதற்குச் சின்னம்மா என்று பெயர் வைத்தாள். பண்ணையில் மாடுகளுக்குப் பெயர் வைப்பதில்லை. இருந்தும் கொலின் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. 'சினிமா' என்றார். மயூரி ஒக்லாந்துக்குப் போனபிறகும் தொலைபேசியில், "சினிமா நன்றாக இருக்கிறாள், கன்றும் நன்றாக இருக்கிறது" என்று அவளுக்குச் செய்தி சொல்வார்.

5

அடுத்த ஏப்ரல். மயூரிக்குப் பன்னிரண்டு வயது, மறுபடி விடுமுறைக்கு வந்திருந்தாள். குளிருக்கு முன்னர் எல்லாப் பசுவையும் சினை பார்த்து, இல்லாதவற்றை அனுப்பிவிட வேண்டும். வெறும் வயிற்று மாட்டுக்குக் குளிர்கால வைக்கோலைப் போட முடியாது. வழமையாக ஒருவர் ஸ்கான் இயந்திரத்தோடு வருவார். அந்த வருடம் அவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். வேறு ஆள் வர இன்னும் மூன்று கிழமையாகும்.

"காத்திருப்போம்" என்றார் கொலின்.

"நான் கையால் பார்க்கிறேன்" என்றேன்.

என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். நூற்றறுபது பசு, இரண்டு நாள். ஒடுங்கிய பாதையில் ஒவ்வொன்றாக வரும், இரும்புச் சட்டம் கழுத்தைப் பிடிக்கும், நான் கையை விட்டுப் பார்த்துச் சொல்வேன். சினை என்றால் அந்தப் பக்கக் கதவு. இல்லையென்றால் 'எம்டி' என்பேன், வெறுமை என்று பொருள், முதுகில் சிவப்புக் கோடு. மயூரி தடுப்பின்மேல் குந்தியிருந்து கொப்பியில் எழுதினாள். முதல் நாள் முடியும்போது கொலின், "இயந்திரத்தைவிட நீ வேகம்" என்றார். ஐந்து வருடம் நான் தபாலில் தேடிய சொல் அது.

இரண்டாம் நாள் பிற்பகல் சின்னம்மா வந்தாள். எனக்குக் கை மரத்துப்போயிருந்தது. வயதான பசு, அகன்ற வயிறு. அப்படியானவற்றில் கருப்பை முன்னுக்குச் சரிந்து கீழே இறங்கிவிடும், சிறிய சினை என்றால் விரலுக்கு எட்டாது. இது எனக்குத் தெரியும், ஊரில் என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது மட்டுமல்ல, பிந்திப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பசு நாம்பனிடம் பிந்தித்தான் நிற்கும் என்பதும் தெரியும். கையை விட்டேன், தேடினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை.

"எம்டி."

பென்சிலின் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மயூரி எழுதாமல் இருந்தாள்.

"அம்மா, இன்னொருக்கால் பாருங்கோ."

"பாத்திட்டன்."

"பிளீஸ் அம்மா. இன்னொருக்கால்."

கொலின் கதவில் சாய்ந்து நின்றார். "கோரி, இவளை மட்டும் ஸ்கானுக்கு வைத்திருக்கலாம். எனக்கு அவசரமில்லை" என்றார்.

இரண்டு பேரும் எனக்கு வழி விட்டார்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. மறுபடியும் ஒரு முத்திரை கேட்கிறார்கள், மறுபடியும் ஒரு கடிதம், மறுபடியும் அரைப் புள்ளி என்றுதான் எனக்குள் எழும்பியது. என்னிடம் மிச்சமிருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

"என்ர கைக்குத் தெரியும்" என்று மகளுக்குத் தமிழிலும், அதையே கொலினுக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன். "எழுது மயூ."

அவள் எழுதினாள். நானே சிவப்புக் கோட்டைப் போட்டேன்.

ஐந்து நாள் கழித்து லொறி வந்தது. மயூரி அன்று வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பின்னேரம் அவளை விமானத்துக்குக் கூட்டிப்போனபோது வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்கு மூன்றாம் நாள், நான் தொட்டி கழுவிக்கொண்டு நிற்கையில் கொலின் வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். தொழிற்சாலையில் அவருக்குத் தெரிந்த ஒருவர் அழைத்தாராம்.

"சினிமா வயிற்றில் கன்று இருந்திருக்கிறது" என்றார். "நாகு. மூன்று மாதம் இருக்கும்."

நான் தண்ணீரை நிற்பாட்டினேன். 

"எனக்கும் கணிப்புப் பிழைத்திருக்கிறது கோரி. இயந்திரக்காரனுக்கும் பிழைக்கும்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "பிள்ளைக்குச் சொல்வாயா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"நான் சொல்கிறேன்."

அன்று கொப்பியில் அவளுடைய கையெழுத்தில் இருந்த 'எம்டி' என்ற சொல்லுக்குக் கீழே எழுதினேன். ஆங்கிலத்தில் எழுத மனம் வரவில்லை. 'வயிற்றில் கன்று இருந்தது. நாகு, மூன்று மாதம். பிழை என்னுடையது.'

6

அடுத்த முறை ஒக்லாந்துக்குப் போகும்போது சொல்வோம் என்று நினைத்தேன். போனேன். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை. அதற்கடுத்த முறை அவளுடைய சிநேகிதி வந்திருந்தாள். காரணங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்று வந்துகொண்டே இருந்தன. ஒருநாள் கொலின் கேட்டார், "சொல்லிவிட்டாயா?" "ஓம், சொல்லிவிட்டேன்" என்றேன். "என்ன சொன்னாள்?" "அழுதாள்." அவர் தலையாட்டினார். அவருக்குச் சொன்ன பொய் அது ஒன்றுதான், கடைசிவரை அதை அவர் உண்மை என்றே நம்பினார்.

மயூரி அதன்பிறகு தெற்கே வரவில்லை. விடுமுறைக்கு வேறு வேறு வகுப்புகள் இருந்தன. இறைச்சி சாப்பிடுவதை விட்டாள். தொலைபேசியில் நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினாள். "எல்லாப் பிள்ளையளும் இந்த வயசில அப்பிடித்தான்" என்றார் நேசன். அதுவும் உண்மைதான். இங்கே எந்த வீட்டில் பிள்ளை தமிழில் பதில் சொல்கிறது? ஆனால் மற்ற வீடுகளில் எந்த நாளிலிருந்து என்று தாய்க்குத் தெரியாது. எனக்கு அநேகமாகத் தெரியும்.

ஐந்து வருடத்துக்கு முன்னர் கொலினின் முழங்கால் முற்றாக விட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு மாட்டில் விருப்பமில்லை. நிலத்தை மரம் நடுகிற ஒரு நிறுவனத்துக்கு விற்றார்கள். கடைசியாக மாடுகளைப் பிரித்து ஏற்றியதும் நான்தான். நாகுகளை வேறு பண்ணைகள் வாங்கின. கிழட்டுப் பசுக்களை யாரும் வாங்கவில்லை. அந்த வருடம் ஸ்கான்காரர் வந்தார். அவர் பார்த்த ஒவ்வொன்றையும் இன்னொருமுறை பார்க்கச் சொல்லி நான் கேட்டேன். மனிதருக்குக் கோபம் வந்தது. கொலின் அவரிடம், "அவள் சொல்கிறபடி செய்" என்றார். இப்போது அந்த மலைச்சரிவு முழுவதும் பைன் கன்றுகள்.

நான் ஒக்லாந்துக்குத் திரும்பினேன். எப்சமில் ஒரு மிருக வைத்திய நிலையத்தில் உதவியாளர் வேலை. நாய்களுக்கு நகம் வெட்டுவது, பூனைகளைப் பிடித்துக்கொள்வது. "நீங்கள் டொக்டரா?" என்று சனம் கேட்டால், இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டேன். திரும்பி வந்தபோது மயூரிக்குப் பதினாறு. நான் இல்லாத வீட்டில் அவளும் தகப்பனும் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார்கள். எந்த அலுமாரியில் எது இருக்கிறது என்று நான்தான் கேட்டு அறிய வேண்டியிருந்தது.

7

அவள் போவதற்கு முந்தின சனிக்கிழமை, மெல்பேணுக்குக் கொண்டுபோக யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் வேண்டும் என்றாள். கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். காரை நிறுத்தினேன். அவள் பெல்டைக் கழற்றக் கை வைத்தபோது, "மயூ, அந்தக் கொப்பி" என்றேன்.

கையை எடுத்துவிட்டாள்.

தமிழில்தான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "சின்னம்மான்ர வயித்தில கண்டு இருந்தது. நாகு. மூண்டு மாசம். என்ர கைக்குப் பிடிபடேல்லை. அதைத்தான் எழுதி வச்சனான்."

வெளியே யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போது தெரியும்?" என்றாள், ஆங்கிலத்தில்.

"லொறி போய் மூண்டாம் நாள்."

"கொலினுக்கு?"

"அவர்தான் எனக்குச் சொன்னவர். உனக்குச் சொல்லிட்டன் எண்டு அவருக்குப் பொய் சொன்னனான்."

"அப்பாவுக்கு?"

"தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நீங்கள் சின்னம்மாவை அனுப்பியதை நான் ஏற்றுக்கொண்டேன், தெரியுமா? அம்மாவுக்குத்தான் தெரியும், நான் சின்னப்பிள்ளை, மாட்டில் ஆசை வைத்து முட்டாள்தனமாக அழுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு உங்களிடம் எதையும் நான் இரண்டாவது தரம் கேட்டதில்லை. கவனித்தீர்களா?"

நான் கவனித்திருக்கவில்லை. பிள்ளை பிடிவாதம் பிடிப்பதில்லை, நல்ல பிள்ளை என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று போய்விடுவாள். பள்ளிக்கூட இசைப்பயணத்துக்கு ஒருமுறை கேட்டாள், மறுத்தேன், விட்டுவிட்டாள். தன் பிறந்தநாளுக்கு வரமுடியுமா என்று ஒருமுறை கேட்டாள். கன்று போடும் காலம் என்றேன். "ஓகே" என்றாள்.

"இல்லை" என்றேன். "கவனிக்கேல்லை."

"சரி" என்று கதவைத் திறந்து இறங்கிப் போனாள். நான் காரிலேயே இருந்தேன். அவள் திரும்பிவரப் பதினைந்து நிமிடம் ஆனது. இரண்டு தூள் பைக்கற்றும் அப்பாவுக்கு ஒரு பெட்டி முறுக்கும் வாங்கியிருந்தாள். கண் சிவந்திருந்தது. பெல்டைப் போட்டாள். நான் காரை எடுத்தேன்.

எங்கள் தெருவுக்குத் திரும்பும் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. நின்றோம். அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தமிழில் சொன்னாள்:

"நான் இன்னொருக்கால் பாக்கச் சொன்னனான்."

வருடக்கணக்கில் அவள் எனக்குச் சொன்ன முதல் முழுத் தமிழ் வசனம் அது.

"ஓம்" என்றேன். "நீ சொன்னனீ. நான் பாக்கேல்லை."

விளக்கு பச்சையாகியது. பின்னால் நின்ற கார்க்காரர் ஒருமுறை ஹோர்ன் அடிக்கும்வரை நான் காரை நகர்த்தவில்லை.